எக்ஸ்ரே நல்லாருக்கு, ஸ்கோர் மட்டும் ஏன் 31?

அடுத்த கேள்வி, பாம்பன்லேர்ந்து ஒரு தம்பி. “அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாத்தி ஆறு மாசம் ஆச்சு. எக்ஸ்ரே நல்லாருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணி 12 கேள்வி கேட்டு, 48-க்கு 31-ன்னாங்க. ஆபரேஷன் சரியில்லையா மேடம்?”

இது பரீட்சை மார்க் இல்லை தம்பி. பாஸ், பெயில் கிடையாது. ஆக்ஸ்போர்டு முழங்கால் ஸ்கோர்னு பேரு, 1998-ல வந்தது. இடுப்பு மூட்டுக்குத் தனியா ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் 0-லேர்ந்து 4 வரைக்கும். ராத்திரி படுத்தா வலிக்குதா, நொண்டுறீங்களா, தனியா கடைக்குப் போயிட்டு வர முடியுதா, படி இறங்க முடியுதா... எல்லாமே கடைசி நாலு வாரத்தைப் பத்தி. வச்ச மூட்டு சரியா உக்காந்திருக்கான்னு எக்ஸ்ரே சொல்லும். அம்மா ராத்திரி தூங்குனாங்களான்னு அதுக்கு எப்படித் தெரியும்?

சரி, ஆபரேஷனுக்கு முன்னாடி ஸ்கோர் எத்தனை? அதை நீங்க எழுதவே இல்லையே. 14-லேர்ந்து 31-ன்னா நல்ல ஏத்தம். 28-லேர்ந்து 31-ன்னா டாக்டர்கிட்ட உக்காந்து பேசணும். இங்கிலாந்துல 2009-லேர்ந்து அரசாங்கச் செலவுல செய்யுற மூட்டு ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை, ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை கேட்டு, அந்த வித்தியாசத்தைத்தான் பார்க்குறாங்க.

அதுல ஒரு கேள்வி நம்ம ஊர்ல ரொம்பக் குழப்பும். மண்டி போட்டுத் திரும்ப எந்திரிக்க முடியுதா? கீழக்கரைப் பக்கம் நாற்காலியில உக்காந்து தொழ ஆரம்பிச்சவங்க “முடியவே முடியாது”ம்பாங்க. கேட்டா, முயற்சியே பண்ணியிருக்க மாட்டாங்க, பயம். சில பேர் திண்ணையில அருவாமனையை வச்சு, கீழ நின்னுக்கிட்டே மீன் ஆயுறாங்க. கால் மடங்காம இல்லை, குந்தாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருப்பாரு. முடியலையா, வேணாம்னு விட்டதான்னு போன்ல பிரிச்சுச் சொல்லிடுங்க. இன்னொரு கால் தேஞ்சிருந்தாலும் ஸ்கோர் இறங்கும், அதையும் சொல்லுங்க.

முக்கியமா, போனை அம்மாகிட்ட குடுங்க. நீங்களே “நல்லாத்தான் இருக்காங்க”ன்னு முடிச்சுடாதீங்க. டாக்டர் மனசு கஷ்டப்படும்னு அம்மாவே அப்படிச் சொல்றதும் உண்டு! நீங்க பக்கத்துல இல்லாம கேட்டா உண்மை வரும்.

முழங்கால் திடீர்னு வீங்குது, சிவக்குது, காய்ச்சல் அடிக்குதுன்னா மட்டும் போன் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே ஆபரேஷன் பண்ண இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.