முடியை மாத்திக்கலாமே, அது எப்படி நிறவெறி? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

ஒரு தம்பி கேட்டிருக்கார்: "போன வாரம் கிரௌன் சட்டத்தைப் பத்திச் சொன்னீங்க, அமெரிக்க மாநிலங்கள்ல முடியோட இயல்பையோ, சடை, பின்னல் மாதிரி அலங்காரத்தையோ காரணம் காட்டி வேலையிலயும் பள்ளியிலயும் ஒதுக்கக் கூடாதுங்கிற சட்டம். தோல் நிறத்தை மாத்த முடியாது, சரி. முடியை மாத்திக்கலாமே? 'ஒழுங்கா வெட்டிட்டு வா'ன்னா அது எப்படி நிறவெறி ஆகும்?"

ரெண்டு நாளா இந்தக் கேள்வி என்னை விடவே இல்லைங்க. ஏன்னா, ஒரு கோர்ட்டே இப்படித்தான் சொல்லிச்சு. அலபாமாவுல மொபீல்னு ஒரு ஊர். 2010ல ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு வேலை கிடைச்சுது. சடைமுடியை (திரிதிரியா இருக்கிற 'ட்ரெட்லாக்ஸ்') வெட்டினாத்தான் வேலைன்னாங்க. அவங்க மாட்டேன்னாங்க, வேலை போச்சு. 2016ல அப்பீல் கோர்ட், தலைமுடி அலங்காரம் மாத்தக்கூடிய விஷயம், அதனால இது இனப் பாகுபாடு ஆகாதுன்னு சொல்லிடுச்சு.

நான் எப்பவும் சொல்றதுதான், மறுபடியும் சொல்றேன்: கறுப்பினத்தவங்களோட முடி அப்படித்தான் வளருது. ஸ்பிரிங் மாதிரி சுருண்டு வரும். வறண்டு கிடக்கிறப்ப சீப்பு போட்டா உடைஞ்சுடும். அதைக் காப்பாத்தத்தான் பின்னல், சடை எல்லாம். சுருளை நேராக்கணும்னா? சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த க்ரீம் உண்டு. அடைச்ச குழாயில ஊத்துறோமே, அதே காஸ்டிக் சோடாதான்! கொஞ்சம் கூடுதல் நேரம் வச்சா மண்டை புண்ணாயிடும். இவ்வளவு பட்டும், ரெண்டு மாசத்துல அடியில புது முடி சுருண்டுதாங்க வரும். அது அப்படித்தான் வளருது!

நியூ ஜெர்சியில, 2018 டிசம்பர் 19. பள்ளி மல்யுத்தப் போட்டி. 16 வயசுக் கறுப்பினப் பையன்கிட்ட நடுவர், சடையை வெட்டு, இல்லைன்னா தோத்ததாக் கணக்குன்னுட்டார். களத்து ஓரத்துலயே, அத்தனை பேர் பார்க்க, ஒருத்தங்க கத்தரிக்கோலால வெட்டறாங்க. பையன் அசையாம நிக்கறான். அப்புறம் மோதி ஜெயிச்சான். நடுவர் அவன் கையைத் தூக்கறார், பையன் முகத்துல சந்தோஷமே இல்லை. அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு வயித்தைப் பிசையுது. சரியா ஒரு வருஷம் கழிச்சு, அதே டிசம்பர் 19 அன்னிக்கு, அந்த மாநிலத்துல கிரௌன் சட்டம் கையெழுத்தாச்சு. முதல்ல கொண்டு வந்தது கலிஃபோர்னியா, 2019 ஜூலையில.

தம்பி, நீங்க இன்னொண்ணு கேட்டிருக்கணும். 'ஒழுங்கு'ன்னா எப்படி இருக்கணும்னு யார் முடிவு பண்ணாங்க? இப்ப அமெரிக்காவுல இருக்கிற லூசியானா, 1786ல ஸ்பெயின் கையில இருந்துது. மிரோன்னு ஒரு ஆளுநர். அடிமைகளா இல்லாத கறுப்பினப் பெண்களும் தலையைத் துணியால மூடணும்னு உத்தரவு போட்டார். அந்த முடி அலங்கோலமா இருந்ததாலயா? இல்லைங்க! அழகா, நகை வச்சு சிங்காரிச்சிருந்தாங்க, அது கண்ணை உறுத்துச்சு. அன்னிக்கு 'ரொம்ப அழகா இருக்கு, மூடு'. இன்னிக்கு 'அலங்கோலமா இருக்கு, வெட்டு'.

சட்டம் வந்துட்டா முடிஞ்சுதான்னு கேட்பீங்க. டெக்சாஸ்ல 2023 செப்டம்பர் 1ல இருந்து சட்டம் இருக்கு. அங்கயே ஒரு பையனை சடை நீளமா இருக்குன்னு மாசக்கணக்கா வகுப்புல இருந்து பிரிச்சு வச்சாங்க. 2024 பிப்ரவரியில நீதிபதி, சட்டத்துல நீளத்தைப் பத்தி ஒண்ணும் இல்லையேன்னு பள்ளிக்கூடம் பக்கம் தீர்ப்பு சொன்னார். அந்த வழக்கை அடுத்த வாரம் விரிவாப் பார்ப்போம்.