ராத்திரியில் மட்டும் வாய் திறக்கும் செடி!

(காட்சி: தனுஷ்கோடி சாலை, உச்சி வெயில்)

செருப்பைக் கழற்றினால் கால் பொரிந்துவிடும். இந்த வெயிலில் ஒரு செடி வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறது. சூரியன் மறையும் வரைக்கும் திறக்காது. சப்பாத்திக்கள்ளிதான் அது!

பாடப்புத்தக விஷயத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். உணவு தயாரிக்கச் செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். அதற்காகத் தோலில் இருக்கிற சின்னச் சின்னத் துளைகளை (அதுதான் அந்த வாய்) வெயிலில் திறந்தால், உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். அப்புறம், முள்தான் இலை. சப்பாத்தி மாதிரி இருப்பது தண்டு. சரி, பாடம் முடிந்தது.

இனி கதைக்கு வருவோம். ராமநாதபுரத்துக்காரர்களுக்குப் பழகிய கதைதான். குழாயில் நள்ளிரவில் தண்ணீர் வந்தால் என்ன செய்வோம்? அம்மா எழுந்து அண்டா, குடம், கடைசியில் சொம்பு வரைக்கும் நிரப்பி வைப்பார். பகல் முழுக்க அதை வைத்துத்தான் சமையல். கள்ளி இப்படிப் பிடித்து வைப்பது காற்றை. ராத்திரி குளிர்ச்சியில் துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்து, மாலிக் அமிலமாக மாற்றிச் சேமிக்கும். ஆப்பிளுக்குப் புளிப்பு தருகிற அதே அமிலம்! விடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, வெயிலை அடுப்பாக்கிச் சமைக்கும். குடம் கொள்கிற அளவுதானே சமையல்? அதனால்தான் இந்த வகைச் செடிகள் பெரும்பாலும் மெதுவாக வளர்கின்றன.

இதை மோப்பம் பிடிக்கக் கருவிகூட வேண்டாம், நாக்கே போதும்! கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன், 1813-ல் ஒரு கடிதம் எழுதினார். ரணகள்ளி (இதுவும் ராத்திரியில் வாய் திறக்கிற செடிதான்) இலை காலையில் புளிக்கிறது, மதியம் சப்பென்று இருக்கிறது, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று. ஒரே இலையை மூன்று வேளையும் மென்று பார்க்கத் தோன்றியதே, அந்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு. நீங்கள் முயற்சி செய்யாதீர்கள். ரணகள்ளியில் நஞ்சு உண்டு. பால் வடிகிற கள்ளியென்றால் கிட்டேயே போக வேண்டாம்.

நம் வீட்டுத் துவையல் பிரண்டையின் தண்டும் இதே ராத்திரிக் கட்சிதான் தெரியுமா!

மணல்மேட்டில் இராவணன் மீசைப் புல்லும் அடம்பங்கொடியும் வேறு தந்திரத்தில் பிழைக்கின்றன, அது அடுத்த வீடியோ. சீமைக்கருவேலத்தைத் தொட்டால் கமெண்டில் சண்டை வரும், எனக்கு இன்று தெம்பில்லை.

ரணகள்ளிக்குக் ‘கட்டிப்போட்டால் குட்டி போடும்’ என்றும் ஒரு பெயர் உண்டு. உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்? கமெண்டில் போடுங்கள்.