தரிசில் கிடக்கும் கண்டங்கத்திரி

வணக்கம் மக்களே. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு தரிசுக் காட்டில் நிற்கிறேன். பங்குனி வெயிலில் புல்லெல்லாம் சருகாகிவிட்டது. கீழே பாருங்கள், தரையோடு தரையாக இது மட்டும் பச்சையாகப் படர்ந்து கிடக்கிறது. இதுதான் கண்டங்கத்திரி.

கேமராவைக் கொஞ்சம் இறக்குகிறேன். தண்டில் முள், காம்பில் முள், இலையைத் திருப்பினால் நடுநரம்பிலும் முள். மஞ்சளாக, ஊசி மாதிரி நேராக நிற்கிறது. பூவைப் பாருங்கள், அசல் கத்திரிப்பூதான். கத்திரிக்காய்க்கு இது சொந்தம். காய் கோலிக்குண்டு அளவு இருக்கும். பச்சைக் காயில் வெள்ளை வரி ஓடும், பழுத்தால் நல்ல மஞ்சள்.

சளி, இருமல், இரைப்பு என்றால் எங்கள் அப்பத்தா இதைத்தான் தேடிப் போவார். வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, நிழலில் உலர்த்தி, ஒன்றிரண்டாக இடித்து டப்பாவில் வைத்திருப்பார். மார்கழிப் பனியில் எனக்கு நெஞ்சு கர்கர் என்று இழுக்கும். ஒரு பிடி கண்டங்கத்திரி, ஒரு துண்டு சுக்கு, நாலைந்து திப்பிலி போட்டு, நாலு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்டும்வரை அடுப்பில் இருக்கும். வடிகட்டித் தேன் விட்டாலும் கசப்பு நாக்கைவிட்டுப் போகாது. ஆனால் கட்டின சளி இளகும், ராத்திரி மூச்சுவிட்டுத் தூங்கலாம்.

ஆயுர்வேதத் தசமூலத்தின் பத்து வேர்களில் இதுவும் ஒன்று. சிறுபஞ்சமூலம் என்ற நூலுக்குப் பெயர் தந்த ஐந்து வேர்களிலும் இது உண்டு. சித்த மருந்துக் கடையில் கேட்டால் கண்டங்கத்திரி லேகியமே கிடைக்கும்.

அப்புறம் பல்வலி. காய்ந்த பழத்தைத் தணலில் போட்டுப் புகையை வாயில் பிடிப்பார்கள். புழு விழும் என்பார்கள், பல்லில் புழு கிடையாது. வலி கொஞ்சம் அடங்கலாம், சொத்தை அப்படியேதான் இருக்கும். பல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இதில் சோலசோடின் மாதிரி வீரியமான சத்துகள் இருக்கின்றன. பழத்தைப் பறித்து அப்படியே வாயில் போடாதீர்கள். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் சித்த மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர்கள் கஷாயத்தை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள்.

சரி, பிடுங்கலாம். சாக்கை மடித்துப் பிடித்துக்கொண்டால் முள் ஏறாது. இந்தச் செடியில் ஏழு பழம் பழுத்திருக்கிறது, விதை இங்கேயே விழட்டும். வரப்போரம் காய்ப்பு முடிந்த செடி ஒன்று நிற்கிறது, அதை எடுத்துக்கொள்கிறேன்.