வைரத்தோடு வாங்கும் முன்: சான்றிதழைப் படிப்பது எப்படி?

(திரையில்: வேலூர் பஜாரில் ஒரு நகைக்கடை. மேஜையில் ஏழு கல் தோடு.)

வணக்கம். வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கம் பொண்ணுக்கு வைரத்தோடு எடுக்கப் போனால், கூட வரும் பெரியவர்கள் தோட்டை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடிப்பார்கள். "நீலம் அடிக்குதா? ஜாகர் கல்லாப்பா?" என்பார்கள்.

தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்துக் கற்களிலிருந்து வந்த பெயர்தான் புளூ ஜாகர். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் சில வைரங்கள் நீலமாக ஒளிரும். அந்த நீலம் கல்லில் இருக்கும் லேசான மஞ்சளை மறைத்துவிடும். வெயிலில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்த கல், வீட்டு விளக்கில் மங்கலாகத் தெரியலாம். அதனால்தான் கற்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் லேபில் வெயிலை நம்புவதில்லை. ஒளிர்வு எவ்வளவு என்று தனியாகச் சோதித்து எழுதுவார்கள்.

(திரையில்: வெள்ளைத் தட்டில் வரிசையாக வைரங்கள்.)

நிறம் பார்ப்பதைக் கவனியுங்கள். கல்லின் முகத்தைக் கீழே கவிழ்த்து, பக்கவாட்டில் பார்ப்பார்கள். நேராகப் பார்த்தால் ஜொலிப்பு கண்ணைக் கட்டிவிடும். பக்கத்தில் நிறம் ஏற்கெனவே தீர்மானித்த மாதிரிக் கற்கள். நிறத்தை ஆங்கில எழுத்தால் குறிப்பார்கள். டி என்றால் நிறமே இல்லை. இசட் வரை மஞ்சள் கூடிக்கொண்டே போகும். ஜிஐஏ என்ற அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம் வகுத்த இந்த வரிசைதான் இன்று உலகம் முழுவதும் ஓடுகிறது. தங்கத்தில் பதித்தபின் தங்கத்தின் சாயல் கல்லில் ஏறும் என்பதால், உதிரிக் கல்லுக்குத்தான் துல்லியமாக நிறம் சொல்ல முடியும்.

அடுத்து சுத்தம். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸில் பார்த்து 11 படிகளில் ஒன்றைக் கொடுப்பார்கள். நம் ஊரில் காக்காப் புள்ளி, தோஷம் என்று பார்ப்போம். லேபில் பார்ப்பது புள்ளி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, எடுப்பாகத் தெரிகிறதா என்பதைத்தான். எடை சுலபம்: ஒரு காரட் 200 மில்லிகிராம், அதுவே 100 சென்ட். என்னைக் கேட்டால், நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது பட்டை தீட்டிய விதம். கல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பட்டை சரியில்லை என்றால் வெளிச்சம் அடிவழியே கசிந்துவிடும். வட்டக் கற்களுக்கு 2006 முதல் ஜிஐஏ இதற்கும் தரம் எழுதுகிறது.

(திரையில்: பேனா போன்ற சோதனைக் கருவி.)

சில கடைகளில் இந்தக் கருவியைக் கல்லில் வைத்து, "பாருங்க, வைரம்தான்" என்பார்கள். இது கல் வெப்பத்தைக் கடத்துகிறதா என்று மட்டும் பார்க்கும். பூமியில் விளையாமல், லேபில் செயற்கையாக வளர்த்த வைரமும் வைரமே என்பதால் அதுவும் தேறிவிடும். பூமியில் விளைந்ததா, வளர்த்ததா என்று சொல்ல நிறமாலைக் கருவி வேண்டும். விலையில் பெரிய வித்தியாசம் இருப்பதால் சான்றிதழில் இயற்கையா, வளர்த்ததா என்று சொல்லும் வரியைத்தான் முதலில் தேடுங்கள்.

கெம்பு, மரகதம், நீலக்கல் என்றால் கேள்வியே வேறு. சூடேற்றினார்களா, எண்ணெய் ஏற்றினார்களா, விரிசலில் கண்ணாடி நிரப்பினார்களா? கண்ணாடி நிரப்பிய கெம்பு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பொற்கொல்லர் பட்டறையின் சூட்டிலோ அமிலத்திலோ கெட்டுவிடும்.

இன்னொன்று. ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தரத்துக்கு மட்டும்தான். கல்லுக்கு அது எந்த உத்தரவாதமும் தராது. அதேபோல லேப் கொடுக்கும் தரச் சான்றிதழில் விலையும் இருக்காது.

சரி, கடையில் என்ன செய்யலாம்? சான்றிதழ் எண்ணை அந்த லேபின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பல கற்களில் அதே எண்ணை நடுவிளிம்பில் லேசரால் பொறித்திருப்பார்கள். லென்ஸ் கேட்டுப் பாருங்கள். நம் பழைய பாணித் தோட்டில் கட்டடம், அதாவது கல்லைப் பதிக்கும் தங்கக் கூடு, பின்பக்கம் மூடியிருக்கும், விளிம்பு தெரியாது. ஆகவே பதிப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். தோட்டில் இருப்பவை சின்னக் கற்கள் என்றால் நகை முழுவதற்கும் சேர்த்து ஒரே சான்றிதழ் இருக்கலாம். அதில் கற்களின் எண்ணிக்கையும் மொத்த எடையும் உங்கள் பில்லோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பில்லில் இயற்கை வைரமா, லேபில் வளர்த்ததா என்று எழுதச் சொல்லி, பணம் கட்டுவதற்கு முன் வாங்கிக்கொள்ளுங்கள்.