களியக்காவிளை தாண்டிக் குடிபோகும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர். கன்னியாகுமரி மாவட்டத்தின் எல்லை ஊரான களியக்காவிளையில் பஸ் நின்று புறப்பட்டால் அடுத்தது கேரளத்தின் பாறசாலை. கடைப் பலகையில் எழுத்து மாறும், பேச்சு அவ்வளவாக மாறாது. 1956 நவம்பர் 1 வரை நம் மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும், கேரளத்துக்கு முன்பிருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தவைதானே. அதனால் நம்மவர்கள் "பக்கத்து ஊர்தானே" என்று சாமானை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். பெங்களூருக்குப் போகிறவர் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுப் போகிறார். நெய்யாற்றின்கரைக்குப் போகிறவர் யாரிடமும் கேட்பதில்லை. பிற்பாடு அலைகிறவர் பெரும்பாலும் இவர்தான். ரேஷன், பள்ளிக்கூடம், வண்டி, இட ஒதுக்கீடு எல்லாம் அந்தந்த மாநிலத்தின் பட்டியலில் நடக்கிறவை. தூரம் குறைவு என்பதற்காக அந்தப் பட்டியல்கள் ஒன்றாகிவிடாது.

சாமான் கட்டுவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து ஒரு விஷயத்தை முடிவு செய்யுங்கள். போவது ஒருவரா, குடும்பம் முழுவதுமா? ஒரு வருஷத்துக்கா, நிரந்தரமாகவா? எந்தக் காகிதத்தை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பது இந்தப் பதிலைப் பொறுத்தது. ஆறு மாத வேலைக்குப் போகிற ஒருவருக்காகக் குடும்ப அட்டையையே ஒப்படைத்துவிட்டுப் பிறகு வருந்தும் வீடுகள் உண்டு.

பிள்ளைகளின் படிப்பிலிருந்து தொடங்குகிறேன். இழப்பு அதிகம் வருவது அங்கேதான்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பு முதல் 12 வரை படித்த பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. கல்லூரியில் சேரும் பெண் பிள்ளைக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் இதே 6 முதல் 12 வரையிலான படிப்பைத்தான் பார்க்கிறது. இடையில் இரண்டு வருஷம் வேறு மாநிலத்தில் படித்துவிட்டுத் திரும்பி வந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருந்தால்தான் அதைக் கேட்க முடியும். ஆகவே 6-லோ 7-லோ படிக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் இதைக் கணக்கில் வையுங்கள். தாத்தா பாட்டி வீட்டில் விட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை. பெற்றோருடன் இருப்பது அதைவிடப் பெரியது என்று நீங்கள் முடிவு செய்தால் அது நல்ல முடிவுதான். தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும் என்பதே என் அக்கறை.

அடுத்தது மொழி. நம் அரசுப் பள்ளியில் பிள்ளை இரண்டு மொழி படிக்கிறது. கேரள மாநிலப் பாடத்திட்டத்தில் மலையாளம் இருக்கிறது, 5-ஆம் வகுப்பிலிருந்து ஹிந்தியும் சேர்ந்துவிடுகிறது. 8-ஆம் வகுப்பில் போய்ச் சேரும் பிள்ளை ஹிந்தியில் மூன்று வருஷம் பின்னால் நிற்கும். மலையாளத்தில் காதும் வாயும் பழகியிருக்கும், கை பழகியிருக்காது. விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகள் சளசளவென்று பேசுவார்கள், எழுதச் சொன்னால் திணறுவார்கள். ஏப்ரல், மே விடுமுறையில் எழுத்துகளை மட்டுமாவது எழுதப் பழக்கிவிடுங்கள். திருவனந்தபுரம் சாலைப் பகுதியில் அரசுத் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களிலும் தமிழ் வழிப் பள்ளிகள் உண்டு. வீடு பார்க்கும் முன்பே அங்கே இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அதற்கு ஏற்ற இடத்தில் வீடு பாருங்கள். வீட்டை முடித்துவிட்டுப் பள்ளியைத் தேடினால் பஸ் கட்டணமே பெரிய செலவாகிவிடும்.

கேரளத்தில் ஜூன் முதல் வாரம் பள்ளி திறக்கும். ஓணத்துக்கு முன்னால் முதல் தேர்வு வந்துவிடும். ஆகஸ்டில் போய்ச் சேருகிற பிள்ளை புத்தகம் கைக்கு வருமுன் தேர்வு எழுத வேண்டியிருக்கும். முடிந்தவரை மே மாதத்துக்குள் இடம் மாறிவிடுங்கள்.

மாற்றுச் சான்றிதழை, நாம் டி.சி. என்று சொல்வதை, ஆங்கிலத்திலும் கேட்டு வாங்குங்கள். மாநிலம் மாறும்போது கல்வி அதிகாரியின் மேலொப்பம் கேட்கிற பள்ளிகள் உண்டு. சேரப்போகிற பள்ளியில் அதை முன்கூட்டியே கேட்டு, தேவையென்றால் இங்கேயே முடித்துவிடுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும். 8-ஆம் வகுப்பு வரை, டி.சி. வர நேரமாகிறது என்பதற்காக அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்க முடியாது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 5-ஆவது பிரிவில் அப்படித்தான் சொல்கிறது. 9-க்கு மேல் அந்தப் பாதுகாப்பு இல்லை.

டி.சி. கைக்கு வந்ததும் பேரைப் பாருங்கள். சிக்கல் இங்கேதான் முளைக்கிறது. நாம் இனிஷியலை முன்னால் போடுகிறோம்: எஸ். அனிதா. எல்லைக்கு அந்தப் பக்கம் பின்னால் போடுவார்கள்: அனிதா எஸ். ஆதாரில் அப்பா பேரை விரித்து அனிதா செல்வராஜ் என்று இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே பிள்ளை. கம்ப்யூட்டருக்கு மூன்று பிள்ளைகள். பிறப்புச் சான்று, ஆதார், டி.சி., சாதிச் சான்று நான்கையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள். பிழை இருந்தால் ஊரை விடுவதற்கு முன்பே திருத்துங்கள். அங்கே போன பிறகு டி.சி.யில் ஒரு எழுத்தைத் திருத்த இங்கே மூன்று நடை வர வேண்டியிருக்கும்.

சாதிச் சான்றைப் பற்றி எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பட்டியல்கள் மாநிலத்துக்கு மாநிலம் தனி. பிழைக்கப் போன மாநிலத்தில் அந்த மாநில அரசின் இட ஒதுக்கீட்டைப் பிறந்த மாநிலத்துச் சான்றை வைத்துக் கேட்க முடியாது என்று 1990-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாதிப் பேர் இரண்டு பட்டியலிலும் இருந்தாலும் அப்படித்தான். மத்திய அரசின் வேலைக்கும் படிப்புக்கும் உங்கள் உரிமை அப்படியே இருக்கும். பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு இன்னொரு குழப்பம் உண்டு. தமிழ்நாடு தருகிற பி.சி. சான்று வேறு, மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்று வேறு. இ-சேவை மையத்தில் இரண்டும் தனித்தனி விண்ணப்பம். சாதிச் சான்று, இந்த மாநிலத்தவர் என்று காட்டும் நேட்டிவிட்டி சான்று இரண்டையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊரில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். வெளி மாநிலத்தில் படித்த பிள்ளை நாளைக்குத் தமிழ்நாட்டில் கலந்தாய்வுக்கு வந்தால் முதலில் கேட்பது அந்த நேட்டிவிட்டி சான்றைத்தான். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்கும்போது வீடு பூட்டிக் கிடந்தால், இவர்கள் இங்கே இல்லையே என்று எழுதிவிடக்கூடும்.

இனி ரேஷன். உங்கள் ஸ்மார்ட் கார்டில் அச்சடித்திருக்கும் குறியீட்டைப் பாருங்கள். பி.ஹெச்.ஹெச். என்று தொடங்கினால் நீங்கள் முன்னுரிமைக் குடும்பம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. ஆகவே எந்த மாநிலத்து ரேஷன் கடையிலும் கைரேகை வைத்துத் தானியம் வாங்கலாம். கணக்கு மத்திய அரசின் அளவு: ஆளுக்கு மாதம் 5 கிலோ, மிக வறியவர்களுக்கான அந்தியோதயா அட்டை உள்ள குடும்பத்துக்கு 35 கிலோ. துவரம் பருப்பும் பாமாயிலும் தமிழ்நாடு தன் காசில் தருவது, அது எல்லை தாண்டாது. குறியீடு என்.பி.ஹெச்.ஹெச்., அதாவது முன்னுரிமை இல்லாத குடும்பம், என்று தொடங்கினால் வெளி மாநிலத்தில் எதுவும் கிடைக்காது. நம் மாநிலத்தில் அரிசி பெரும்பாலோருக்கும் கிடைக்கிறபடியால் இந்த வேறுபாடே பலருக்குத் தெரியாது.

குடும்பத்தில் பாதிப்பேர் ஊரில் இருந்தால் அட்டையைத் தொடாதீர்கள். எல்லோரும் நிரந்தரமாகப் போவதாக இருந்தால் மட்டும் வட்ட வழங்கல் அலுவலகத்தில் அட்டையை ஒப்படைத்து ஒப்படைப்புச் சான்று வாங்குங்கள். அது இல்லாமல் கேரளத்தில் புது அட்டை விண்ணப்பம் நகராது. நமக்கு இ-சேவை மையம் போல அங்கே அக்ஷயா மையம். அங்கே அட்டைகள் நிறத்தால் அறியப்படும். மஞ்சள் அந்தியோதயா, இளஞ்சிவப்பு முன்னுரிமை, நீலமும் வெள்ளையும் மற்றவர்கள். ஒப்படைத்த நாளோடு, குடும்ப அட்டையை வைத்து வருகிற மகளிர் உரிமைத் தொகை போன்றவையும் நின்றுவிடும். இரண்டு மாநிலத்திலும் அட்டை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஆதார் எண் காட்டிக்கொடுத்துவிடும், கடைசியில் இரண்டும் முடங்கும்.

வண்டிக்கு வருவோம். டிஎன் 74, டிஎன் 75 எண்ணில் ஓடும் வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநிலத்து எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு. அதற்கு இங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். ஆர்.சி., நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் வேண்டும். போலீஸ் அபராதம் பாக்கி இருந்தால் முதலில் கட்டுங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

படிவத்தில் சேஸிஸ் எண்ணின் பென்சில் பதிவு கேட்பார்கள். இரு சக்கர வண்டியில் பெரும்பாலும் ஹேண்டில் கழுத்தில் அந்த எண் பொறித்திருக்கும். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்து ஒரே சீராகத் தேய்த்தால் எண் எழும்பி வரும். குளச்சல், தூத்தூர் போன்ற கடலோரத்து வண்டியில் உப்புக் காற்றால் துரு ஏறி எண் மங்கியிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துப் பொறுமையாக எடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எண் மழுங்கினால் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் வரும்.

அந்தப் பக்கம் போய்ப் படிவம் 27 கொடுத்து, வண்டியின் வயதுக்கு ஏற்ற வரி கட்டினால் புது எண் கிடைக்கும். அத்தோடு வேலை முடியவில்லை. இன்சூரன்ஸிலும் பாஸ்டேகிலும் புது எண்ணை ஏற்றுங்கள். பாலிசியில் பழைய எண் கிடந்தால் விபத்து இழப்பீடு கேட்கும்போது இழுபறி ஆகும். இங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கான பகுதியைத் திரும்பக் கேட்டு, புது ஆர்.சி. நகலோடு பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பத்து வருஷத்தைத் தாண்டிய பைக் என்றால் இவ்வளவு அலைச்சல் தேவையில்லை. இங்கேயே விற்றுவிட்டு அங்கே ஒன்று வாங்குவது லாபம். ஓட்டுநர் உரிமம் இந்தியா முழுவதும் செல்லும், அதற்காக ஓட வேண்டாம்.

சமையல் கேஸ் இணைப்பை ஊர் விட்டு ஊர் மாற்றும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் இங்கே ஏஜென்சியில் திரும்பக் கொடுத்து மாற்று வவுச்சர் வாங்க வேண்டும். முன்பு கட்டிய டெபாசிட்தான் திரும்பி வரும். அங்கே இன்றைய விலையில் கட்ட வேண்டும். 2022 முதல் 14.2 கிலோ சிலிண்டருக்கு 2200 ரூபாய், ரெகுலேட்டருக்கு 250. இருபது வருஷத்துக்கு முந்தைய இணைப்பு என்றால் கையிலிருந்து நல்ல தொகை போகும், தயாராக இருங்கள். அடுப்பு உங்களுடையது, கொண்டு போகலாம். புது இணைப்பு வரும்வரை 5 கிலோ சிலிண்டர் வாங்கிக்கொள்ளலாம். அடையாள அட்டை போதும், முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள்.

வாக்குக்குப் படிவம் 8. ஒரே படிவத்தில் பழைய இடத்தில் பேர் நீங்கிப் புதிய இடத்தில் சேரும். படிவம் 6 புதிதாகச் சேருகிறவர்களுக்கு மட்டும். அதைக் கொடுத்தால் இரண்டு இடத்தில் பேர் வந்துவிடும், அது சட்டப்படி தவறு. கேரளத்தில் உள்ளாட்சித் தேர்தலுக்குத் தனிப் பட்டியல் உண்டு, அதற்கும் தனியாகச் சேர வேண்டும்.

சாமான் லாரிக்கு, சரக்கு ஏற்றிச் செல்ல எடுக்கிற இ-வே பில் தேவையில்லை, பழைய வீட்டுச் சாமானுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் என்னென்ன சாமான் என்று ஒரு பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டு டிரைவரிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று வையுங்கள். பித்தளைக் குத்துவிளக்கு, உருளி எல்லாம் எண்ணிக்கையோடு இருக்கட்டும். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகை அடகு இருந்தால் திருப்பும் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏல நோட்டீஸ் பழைய முகவரிக்குத்தான் வரும். செல்போன் எண்ணை மட்டும் மாற்றவே வேண்டாம். ஆதார், வங்கி, ரேஷன் எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. வருவது அதில்தான். மாற்றிவிட்டால் மேலே சொன்ன ஒவ்வொரு வேலையும் பாதியில் நிற்கும்.

ஊரில் பூட்டிவிட்டுப் போகிற வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. ஓட்டு வீடானால் நகர்ந்த ஓட்டைச் சரி செய்து, ஓட்டுக்கு மேல் சாயும் தென்னையின் காயையும் மட்டையையும் வெட்டிவிட்டுப் போங்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். மின் இணைப்பு எண்ணோடு உங்கள் செல்போன் எண் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் செய்தியாக வந்துவிடும், அங்கிருந்தே கட்டலாம். மீட்டர் பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்தால் ரீடிங் எடுக்க முடியாது. சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள், மாதம் ஒரு நாள் ஜன்னலைத் திறந்து காற்றுப் போக வைக்கச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.