எத்தனை பேரைக் கூப்பிடுவது?

வணக்கம். போன வாரம் வந்த ஒரு கேள்வி மனதை விட்டுப் போகவே இல்லை. பஸ் டிக்கெட் செயலி செய்யும் ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "பயன்பாட்டுச் சோதனைக்கு ஐந்து பேர் போதும் என்கிறார்களே, எங்கள் மேனேஜர் நூறு பேர் வேண்டும் என்கிறார். எது சரி?" பயன்பாட்டுச் சோதனை என்றால், சிலரைக் கூப்பிட்டு, செயலியில் ஒரு வேலையைச் செய்யச் சொல்லி, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பது.

ஐந்து என்ற எண், இந்தத் துறை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதிய கட்டுரையால் பரவியது. அவரும் தாமஸ் லாண்டவர் என்ற ஆய்வாளரும் போட்ட கணக்குப்படி, ஒருவரைப் பார்த்தாலே சராசரியாக 31 சதவீதக் குறைகள் தெரியவரும். ஐந்து பேரைப் பார்த்தால் சுமார் 85 சதவீதம். அதற்குமேல் வருகிறவர்கள் பெரும்பாலும் அதே இடங்களில்தான் தடுமாறுவார்கள். ஆனால் 31 என்பது அவர்கள் பார்த்த திட்டங்களின் சராசரி. உங்களுக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம். பயணியும் டிக்கெட் ஏஜென்டும் வேறு வேறு ஆட்கள், ஒவ்வொரு வகையிலும் மூன்று நான்கு பேர் வேண்டும். எத்தனை சதவீதம் பேர் கொடுத்த வேலையை முடிக்கிறார்கள் என்று அளக்க வேண்டுமானால் ஐந்து போதாது, அது வேறு சோதனை. பதினைந்து பேருக்குப் பணம் இருக்கிறதா? ஐந்து பேர், திருத்தம், மறுபடி ஐந்து பேர் என்று மூன்று சுற்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நீல்சன் சொல்வதும் இதைத்தான்.

சரி, "வருகிறவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது?" என்று கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், இதை நான் விடவே மாட்டேன். வேலையைச் சொல்லுங்கள், வழியைச் சொல்லாதீர்கள். 'என் பயணங்கள் பக்கத்தில் தேதியை மாற்றுங்கள்' என்றால் பாதி விடையைக் கொடுத்துவிட்டீர்கள். 'அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை மதுரைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள், அவர் சனிக்கிழமைதான் கிளம்புகிறார், என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது.

ஒரு சோதனையில் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு அம்மா திரையை மேலும் கீழும் தள்ளித் தேடுகிறார். செயலியை எழுதிய பையனுக்குப் பொறுக்கவில்லை. "மேலே வலது பக்கம் பாருங்கம்மா" என்றான். அவரும் முடித்துவிட்டார், 'வெற்றி' என்று குறித்துக்கொண்டார்கள். அவர் ஏன் கீழே தேடினார் என்று யாருமே கேட்கவில்லை! அந்தத் தேடலுக்காகத்தானே அவரைக் கூப்பிட்டோம்? எழுதியவர் அறையில் இருக்க வேண்டாம், வேறு இடத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். சோதனைக்கு முந்தைய நாளே அலுவலகக் கணக்குப் பிரிவில் ஒருவரை வைத்து ஒத்திகை பாருங்கள். கேள்வி குழப்பமாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

அந்த நண்பர் தான் கொடுக்கப்போகும் வேலைகளை எழுதி அனுப்பட்டும், அடுத்த முறை அதை வைத்தே பேசுவோம்.