தெளிந்த நீர் போதாது

நேயர்களுக்கு வணக்கம். ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டால், ஏரி தப்பித்தது என்று பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அந்த நிம்மதிக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. கழிவுநீரில் கலந்து வந்து பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸை என்ன செய்யப் போகிறீர்கள்?

வழக்கமான நிலையத்தில் முதலில் குப்பையும் மணலும் பிரிக்கப்படும். அப்புறம் காற்று செலுத்தும் தொட்டியில் நுண்ணுயிர்கள் கரிம அழுக்கைத் தின்று தீர்க்கும். கசடு அடியில் படிய, மேலே தெளிந்த நீர் வழியும். கையில் ஏந்திப் பார்த்தால் குறையே தெரியாது. ஆனால் வந்த பாஸ்பரஸில் பெரும்பகுதி அந்தத் தெளிந்த நீரில் கரைந்தே போகிறது. லிட்டருக்குச் சில மில்லிகிராம் மிஞ்சும். ஏரி நீரிலோ லிட்டருக்கு 0.03 மில்லிகிராமைத் தாண்டினாலே பாசி பெருகும் நிலை வந்துவிடும். ஓடும் ஆறு கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்திவிடும். ஏரியில் வந்தது பெரும்பாலும் அங்கேயே தங்கும்.

ஒரு மனிதர் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை கிராம் பாஸ்பரஸை வெளியேற்றுகிறார். 10,000 பேர் வாழும் ஊரில் அது தினமும் 15 கிலோ.

இதை உலகத்துக்குக் கண்கூடாகக் காட்டியது ஒரு சோதனை. 1973இல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும், 226 என்று எண்ணிட்ட ஏரியைக் குறுக்கே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பாசி படர்ந்து பச்சையாகிப் போனது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியின் கதை இன்னும் நேரடியானது. 1950களில் அதற்குள் விழுந்த கழிவுநீர் பெரும்பாலும் சுத்திகரிக்கப்பட்டதுதான். அப்படியும் ஏரி கலங்கியது. 1963 முதல் 1968 வரை படிப்படியாகக் கழிவுநீரைக் கடல் பக்கம் திசைதிருப்பிய பிறகு, சில ஆண்டுகளிலேயே நீர் தெளிந்தது.

திசைதிருப்பப் பக்கத்தில் கடல் வேண்டும், நீண்ட குழாய்க்குப் பணமும் வேண்டும். சிற்றூருக்கு அது எங்கே கிடைக்கும்? அங்கே கைகொடுப்பது படிகாரம் அல்லது ஃபெர்ரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பு. இவற்றைச் சரியான அளவில் கலந்தால் பாஸ்பரஸ் திடப்பொருளாகிக் கசடோடு படிந்துவிடும். பழைய நிலையத்திலேயே ஒரு ரசாயனத் தொட்டியும் அளந்து விடும் பம்பும் சேர்த்து இதைத் தொடங்கலாம். ஆனாலும் சிற்றூர்கள் தட்டிக்கழிக்க விதிகளே இடம் கொடுத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991ஆம் ஆண்டு உத்தரவு, பாதிப்புக்கு எளிதில் உள்ளாகும் நீர்நிலைகளுக்கென்று பாஸ்பரஸ் வரம்பு வைத்தது. ஆனால் 10,000 பேருக்கு மேற்பட்ட கழிவுச் சுமையுள்ள ஊர்களுக்குத்தான். ஊரின் அளவைப் பார்த்து வரம்பு வைப்பது போதாது, ஏரி எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காத்திருந்து பார்க்கலாம் என்பதும் ஆபத்து. பாசி செத்து அடியில் மக்கும்போது ஆக்சிஜன் தீரும். அப்போது அடிச்சேற்றில் பழைய ஆண்டுகளில் படிந்த பாஸ்பரஸே மறுபடி நீருக்குள் வரும். அந்தக் கட்டத்துக்குப் போன ஏரி, கழிவுநீர்க் குழாயை அடைத்த பிறகும் பல ஆண்டுகள் பச்சையாகவே கிடக்கலாம்.

சரி, பம்பு வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது கசடு. பாஸ்பரஸெல்லாம் இப்போது அதில்தான் இருக்கிறது, அளவும் முன்பைவிடக் கூடியிருக்கும். நேரத்துக்கு எடுக்காமல் தொட்டியிலேயே விட்டால், ஒரு கனமழையில் சாக்கடைக்குள் புகும் வெள்ளம் அத்தனையையும் ஏரிக்கு அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே கட்டுமானச் செலவைப் பற்றி ஊர்மன்றம் பேசும் அதே நாளில், கசடு எங்கே போகும், தினமும் மாதிரி எடுத்துச் சோதிக்கப்போகும் ஆபரேட்டர் யார், அவருக்குப் பத்தாவது ஆண்டிலும் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். நன்றி, வணக்கம்.